வெறுமையாயிருந்த நாற்காலி

கட்சித் தலைவரைத் தேருங்கால் ஆளை மட்டும் நோக்குதல் போதாது. அவர் கட்சியைச் செலுத்தும் திசையையும் சீர்தூக்க வேண்டுமென்பது நம் துணிபு.

நம் ராயபுரத்து ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பர் 18ஆம் நாள், கொட்டும் மழையில், திராவிட முன்னேற்றக் கழகத்தின் முதற் பொதுக்கூட்டம் கூடிற்று. பெரியாரின் திருமணத்தையும் அவர் வகுத்த வாரிசு ஏற்பாட்டையும் ஒப்பாது பிரிந்தோர், தலைவர் நாற்காலியை அவருக்கென்றே வெறுமையாய் விட்டனர். அண்ணாதுரை பொதுச்செயலாளராகவே பணியாற்றினார், 1969இலேதான் மு. கருணாநிதி தலைவரானார். ஆளிடத்து வைத்த மதிப்பு வேறு, வழியைப் பற்றிய தீர்ப்பு வேறு என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

தீர்ப்பைத் தாழ்த்தினோர் கதையும் உண்டு. 1964இல் அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் மிதவாதிகள், தீவிரரான கோல்ட்வாட்டரை விரும்பாதிருந்தும் ஒருவர்பின் திரளவில்லை. ராக்பெல்லர் தோற்றபின், ஜூன் மாதத்திலேதான் ஸ்கிரான்டன் களம் புகுந்தார். கோல்ட்வாட்டரே வேட்பாளரானார், பொதுத்தேர்தலில் ஆறு மாநிலங்களே அவர் பக்கம் நின்றன.

பிரிதலே வழியென்று நாம் கூறோம். ஆயின், தனித்தனியே முணுமுணுத்து, கூட்டத்தில் கைதட்டும் மிதவாதம் அச்சத்தின் மறுபெயரேயாம். மாணவ நண்பர்காள்! நாளை நீவிர் எக்கட்சியிற் சேரினும், உரிய காலத்தே ஒன்றுகூடி உள்ளதை உரைப்பீராக.