ரத்தத்தில் மது இருந்ததாமே!

மலக்குழியில் ஒருவர் செத்தால் முதலில் கிளம்பும் பேச்சு, "குடிச்சிட்டு இறங்கிட்டான்" என்பதுதான். வீட்டு ஓனர் சொல்வார், கான்ட்ராக்டர் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரரும் சொல்வார். சில மாதம் கழித்து விசரா ரிப்போர்ட் வரும். அதில் எத்தில் ஆல்கஹால் என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு எண். வழக்கு அந்த எண்ணோடு படுத்துவிடும்.

தாம்பரம், மேடவாக்கம், வண்டலூர் பக்கம் வேலை செய்யும் தோழர்களுக்கு இது தெரிந்த கதை. தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. பாதாளச் சாக்கடை இன்னும் எல்லாத் தெருவுக்கும் வரவில்லை. அபார்ட்மெண்ட் செப்டிக் டேங்க் நிரம்பினால் லாரி வரும், லாரிக் குழாய் இழுக்காத அடிச் சேற்றுக்கு ஆள் இறங்குவார். எந்தச் சாதி ஆள் என்று நாம் எழுதித்தான் தெரிய வேண்டுமா?

அந்த எண்ணுக்கு வருவோம். செத்த பிறகும் உடல் சும்மா இருப்பதில்லை. பாக்டீரியாக்கள் உடலில் இருக்கும் சர்க்கரையைப் புளிக்க வைக்கின்றன, பானையில் கள் புளிப்பது போல. நம்ம ஊர் வெயிலில் சில மணி நேரம் வெளியே கிடந்த உடலென்றால், குடிக்கவே குடிக்காதவரின் ரத்தத்திலும் ஆல்கஹால் உண்டாகலாம். ரத்தம் எங்கே எடுத்தார்கள் என்பதும் முக்கியம். வயிற்றில் இருப்பது கசிந்து இதய ரத்தத்தில் கலக்கும், அதனால் தொடை நரம்பில் எடுத்த ரத்தமே நம்பகமானது. கண்ணுக்குள் இருக்கும் நீரில் கிருமி சீக்கிரம் நுழையாது. அதில் ஆல்கஹால் இல்லாமல் ரத்தத்தில் மட்டும் இருந்தால், அது சாவுக்குப் பின் உண்டானதாக இருக்க வாய்ப்பு அதிகம். ரத்தக் குப்பியில் சோடியம் ஃபுளோரைடு போடவில்லை என்றால் குப்பிக்குள்ளேயும் புளிக்கும்.

நேரமும் சேர்ந்தால்தான் எண்ணுக்கு அர்த்தம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் சாராயச் சாவு இல்லை என்றுதான் மாவட்ட நிர்வாகம் முதலில் சொன்னது. பிறகு மெத்தனால் என்று உறுதியானது, 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறித்தான் கொல்கிறது. ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்து இறந்தவரின் ரத்தத்தில் மெத்தனால் கொஞ்சமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதை வைத்து "விஷம் குறைவுதான்" என்று சொல்ல முடியுமா?

மலக்குழியில் கொல்வது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு. அளவு கூடினால் மூக்குக்கு வாசனையே தெரியாமல் போகும், சில மூச்சில் ஆள் விழுவார். அழுகும் உடலிலும் இதே வாயு உண்டாவதால் தாமதமாக எடுத்த ரத்தம் குழப்பும். சீக்கிரம் எடுத்து தயோசல்பேட் பார்க்க வேண்டும். அன்றைக்கே குழியின் காற்றை மீட்டர் வைத்து அளக்க வேண்டும். மதுவை மட்டும் தேடினால் மது மட்டும்தான் கிடைக்கும்.

சரி, நிஜமாகவே குடித்திருந்தார் என்றே வைத்துக்கொள்வோம். அந்த நாற்றத்தில் இறங்குகிறவர் ஒரு குவார்ட்டர் போட்டுக்கொள்வது நமக்குத் தெரியாததா? உபகரணம் இல்லாமல் ஆளை இறக்குவதை 2013 சட்டம் குற்றம் என்கிறது. 2014-ல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் இழப்பீடு என்றது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. செத்தவர் குடித்திருக்கக் கூடாது என்ற நிபந்தனை இரண்டிலும் இல்லை.

ஆகவே தோழர்களே, பிணவறை வாசலில் நிற்கும் அந்த இரவிலேயே, போஸ்ட்மார்ட்டத்துக்கு முன், விசாரணை அதிகாரிக்கும் டாக்டருக்கும் எழுத்தில் மனு கொடுங்கள். தொடை ரத்தம், கண் நீர், சிறுநீர் மூன்றும் எடுக்கக் கேளுங்கள். எடுத்த நேரத்தையும், எதில் பதப்படுத்தினார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். உறுப்புகளை ஸ்பிரிட்டில் போட்டுவிட்டால் பிறகு ஆல்கஹால் சோதனைக்கே அர்த்தமில்லை. மனுவின் நகலில் கையெழுத்தும் சீலும் வாங்காமல் நகராதீர்கள்.