தருமத்துக்குப் புள்ளி போடுவோர்

தொண்டு நிறுவனங்களின் பிரசாரப் பிரிவுகளில் ஓதப்படும் மந்திரம் ஒன்றுண்டு. மக்களைக் கொடுக்க வைப்பது கடினம், விளையாட வைப்பது எளிது. ஆகவே கொடையை விளையாட்டாக்கி விடுங்கள் என்பதே அது. நண்பர்கள் பத்துப் பேரைச் சேர்த்தால் ஒரு பதக்கம். நூறு பேரைச் சேர்த்தால் தரவரிசைப் பட்டியலில் பெயர். சமூக வலைத்தளங்களில் ஒரு வேண்டுகோளைப் பரப்புவதற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை என்று ஆலோசகர்கள் அடித்துச் சொல்கிறார்கள். பரப்புவதற்கு நல்ல வழிதான். பரவுவது எது என்பதுதான் கேள்வி.

2007 ஆம் ஆண்டு பேஸ்புக்கில் 'கோசஸ்' என்றொரு செயலி அறிமுகமாயிற்று. ஒருவர் எத்தனை பேரை ஓர் இயக்கத்தில் சேர்த்தார், எவ்வளவு பணம் திரட்டினார் என்பதையெல்லாம் அது எண்ணிக் காட்டியது. அதில் தோன்றிய மிகப் பெரிய இயக்கங்களுள் ஒன்று, சூடானின் டார்பூர் மக்களைக் காப்பாற்றுவோம் என்பது. ஒரு மில்லியனுக்கு மேற்பட்டோர் அதில் இணைந்தனர். சமூகவியலாளர்கள் அதன் தரவுகளை ஆராய்ந்து 2014 இல் வெளியிட்ட முடிவைப் பாருங்கள். இணைந்தவர்களில் 99.76 வீதமானோர் ஒரு சதமேனும் கொடுக்கவில்லை. 72.19 வீதமானோர் வேறெவரையும் சேர்க்கவுமில்லை. திரண்ட தொகை சுமார் ஒரு இலட்சம் டொலர். தலைக்குக் கணக்கிட்டால் பத்து அமெரிக்கச் சதமும் தேறாது.

விளையாட்டை மெய்யாகவே ஆடியவர்கள் ஒரு சிறு கூட்டத்தினரே. மற்றையோர் அந்தச் சிலர் ஈட்டிய புள்ளிகள், அவ்வளவுதான்.

அந்த மில்லியன் பேரையும் இரக்கமற்றவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களிடம் கேட்கப்பட்டது பெயர், பெயரைக் கொடுத்தார்கள். பரிசு எதற்கு வைக்கப்படுகிறதோ அதுவே விளையும். பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழைய பாடம். பரிசுக் கூப்பன் அச்சிட்டால் விற்பனை ஏறும், கூப்பன் நின்றதும் இறங்கும். இடையில் ஆசிரிய தலையங்கத்தை வாசிக்கத் தொடங்கியவர்கள் எத்தனை பேர் என்று எந்த விநியோக முகாமையாளரும் கேட்பதில்லை.

இந்த விளையாட்டில் மெய்யாகவே வெல்பவர் யார் என்பதற்கு அமெரிக்காவின் சேஸ் வங்கி 2009 இன் இறுதியில் பேஸ்புக்கில் நடத்திய போட்டி நல்ல உதாரணம். ஐந்து மில்லியன் டொலரை எந்தத் தொண்டு அமைப்புகளுக்குக் கொடுப்பது என்பதை மக்களே வாக்களித்துத் தீர்மானிக்கலாம் என்றது வங்கி. முதலிடத்துக்கு ஒரு மில்லியன். நிதி நெருக்கடிக்குப் பின்னர் வங்கிகளின் பெயர் கெட்டுப் போயிருந்த காலம் அது என்பதை மறந்துவிடக் கூடாது. சிறிய அமைப்புகளெல்லாம் தத்தம் வேலையை ஒருபுறம் வைத்துவிட்டு வாக்குக் கேட்டு அலைந்தன. ஒவ்வொரு வேண்டுகோளும் வங்கியின் பெயரைச் சுமந்து வீடுவீடாகச் சென்றது. இத்தனை பேர் கூலியின்றிச் செய்த விளம்பரத்துக்குச் சந்தையில் என்ன விலை? முதற்சுற்றின் இறுதி நாட்களில் வாக்கு எண்ணிக்கை மறைக்கப்பட்டது. தங்களை வங்கி வேண்டுமென்றே விலக்கிவிட்டதாகச் சில அமைப்புகள் குற்றஞ்சாட்டின. நியூயோர்க் டைம்ஸ் அதனைச் செய்தியாக்கியது. தேர்தலை நடத்துபவரே பணத்துக்கும் சொந்தக்காரராக இருந்தால் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

2010 ஜனவரியில் அந்த ஒரு மில்லியனை வென்றது இன்விசிபிள் சில்ட்ரன் என்ற அமைப்பு. 2012 மார்ச்சில் உகண்டாவின் கிளர்ச்சித் தலைவன் ஜோசப் கோனியைப் பற்றி அது வெளியிட்ட படத்தை ஆறே நாட்களில் நூறு மில்லியன் தடவை பார்த்தார்கள். அடுத்த மாதம் ஓர் இரவில் தெருவிலிறங்கிச் சுவரொட்டி ஒட்ட வாருங்கள் என்று அழைத்தபோது பல நகரங்களில் வந்தவர்கள் சொற்பம். கோனியைத் தேடும் பணியை அமெரிக்காவும் உகண்டாவும் 2017 இல் நிறுத்திக்கொண்டன.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்களின் பரிசோதனை ஒன்று 2014 இல் வெளியானது. போரில் இறந்தோரை நினைவுகூரும் பொப்பிப் பூவைச் சிலருக்குப் பிறர் காணச் சட்டையில் குத்திவிட்டார்கள். வேறு சிலருக்கு உறையிலிட்டுக் கொடுத்தார்கள். பின்னர் நன்கொடை கேட்டபோது, உறையில் பெற்றவர்களே கூடுதலாகக் கொடுத்தனர். நல்லவர் என்ற பெயர் முன்கூட்டியே கிடைத்துவிட்டால் பணப்பையைத் திறக்கும் தேவை குறைந்துவிடுகிறது போலும். நமது கோயில்களில் உபயகாரரின் பெயரைக் குழல்விளக்கின் மேல் எழுதி வெளிச்சத்தைக் குறைக்கும் வழக்கத்தை நாம் பரிகசிப்பதுண்டு. ஆனால் அங்கே விளக்காவது வாங்கப்பட்டது!

2014 இன் பனிநீர் வாளிச் சவாலைச் சிலர் எதிர்வாதமாக முன்வைப்பர். நியாயமான எதிர்வாதம். ஏ.எல்.எஸ். எனும் நரம்பு நோய்க்காக அமெரிக்கச் சங்கம் ஒன்றுக்கு மட்டும் அது 115 மில்லியன் டொலரைத் திரட்டித் தந்தது. ஆய்வுக்குச் சென்ற பணத்தால் நோயுடன் தொடர்புடைய மரபணுவொன்றும் 2016 இல் இனங்காணப்பட்டது. ஆனால் அங்கே புள்ளியுமில்லை, பதக்கமுமில்லை. பெயர் சொல்லி அழைக்கப்பட்டவருக்கு இருபத்து நான்கு மணி நேரம். பணம் கொடு, அல்லது தண்ணீரை ஊற்றிக்கொள் என்ற நேரடிக் கேள்வி. பணம் என்ற சொல்லை அந்த விளையாட்டு மறைக்கவில்லை. அதுவும் அடுத்த ஆண்டு திரும்ப ஆடப்பட்டபோது கிடைத்தது முதலாண்டுத் தொகையின் சிறு துளியே.

டார்பூருக்குத் திரும்புவோம். 2023 ஏப்ரலில் சூடானில் மீண்டும் போர் மூண்டது. நீண்ட முற்றுகையின் பின் 2025 ஒக்டோபரில் எல் பாஷர் நகரம் வீழ்ந்தது. கொத்துக் கொத்தாகப் படுகொலைகள் நடந்தன. ஒரு காலத்தில் ஒரு மில்லியன் பெயர்களைச் சேர்த்து வைத்திருந்த அந்தப் பட்டியல் இப்போது எவருக்கு உதவிற்று?

எனவே இத்தகைய திட்டங்களுடன் வரும் நிறுவனங்களிடம் கேட்க வேண்டியவை சில. எத்தனை பேர் இணைந்தார்கள் என்பதை விடுங்கள். எத்தனை பேர் கொடுத்தார்கள்? அவர்களில் எத்தனை பேர் மறு ஆண்டும் கொடுத்தார்கள்? விளையாட்டை அமைக்க ஆலோசகருக்குச் சென்ற தொகை என்ன, அகதி முகாமுக்குச் சென்ற தொகை என்ன? இவற்றை ஆண்டறிக்கையின் முதற்பக்கத்தில் அச்சிடட்டும். பதக்கங்களைப் பற்றி அதன் பின்னர் பேசிக்கொள்ளலாம்.