யாருடைய ஞாயிற்றுக்கிழமை அது?

“அடுத்த வெளியீடு எப்போது?” கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் அதை உருவாக்குகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெண்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அடுப்படியைப் பார்த்து “சாப்பாடு இன்னும் ஆகலையா?” என்று கேட்பதும் இதுதான். இரண்டிலும் கேட்பவர் ஒரு காய்கூட நறுக்கியிருக்க மாட்டார்.

கட்டற்ற மென்பொருள் என்றால், அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். இணையமே இத்தகைய மென்பொருள்கள்மீதுதான் நிற்கிறது. அவற்றில் பலவற்றைச் சம்பளம் இல்லாமல், வேலை முடிந்த இரவுகளிலும் விடுமுறை நாட்களிலும் சிலர் பராமரிக்கிறார்கள். வெளியீடு தள்ளிப்போனால் அவர்களுக்கு ஒழுங்கில்லை, அக்கறை இல்லை என்கிறார்கள். நான் மறுக்கிறேன். தாமதம் சோம்பலின் அடையாளம் அல்ல. கூலி கொடுக்காமல் வாங்கிய உழைப்பு அனுப்பும் ரசீது அது.

2014இல் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை வெளிப்பட்டது. உலகத்தின் வங்கிகளும் கடைகளும் பூட்டாக நம்பிய மென்பொருள் அது. அதில் முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். வந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்.

எக்ஸ்இசட் கதை இன்னும் மோசம். லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் இந்தச் சிறு மென்பொருளை லாஸ்ஸே கொல்லின் என்பவர் பல ஆண்டுகள் ஊதியமின்றிப் பராமரித்தார். 2022இல் “ஏன் இவ்வளவு தாமதம், வேறொருவரிடம் கொடுங்கள்” என்று சிலர் நச்சரித்தார்கள். தன் மனநலம் சரியில்லை, இது சம்பளமில்லாத வேலை என்று அவர் சொல்லிப் பார்த்தார். கடைசியில் ஜியா டான் என்ற பெயரில் உதவ வந்தவரிடம் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டார். 2024 பிப்ரவரி வெளியீட்டில் அந்த ஆள் திருட்டு வாசல் ஒன்றை ஒளித்து வைத்திருந்தார். மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளர் அதை அம்பலப்படுத்தினார். நச்சரித்தவர்களும் போலி ஆட்களே என்ற சந்தேகம் வலுவாக இருக்கிறது. களைத்துப்போனவரைத் தாமதத்தைச் சொல்லியே வீழ்த்த முடியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஓர் ஆணுக்கே இந்த நிலை என்றால், பெண்ணுக்கு? ‘ஓய்வு நேரத்தில் செய்யுங்கள்’ என்கிறார்கள். யாருக்கு இருக்கிறது ஓய்வு நேரம்? இந்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். 2017இல் கிட்ஹப் நடத்திய கட்டற்ற மென்பொருள் கணக்கெடுப்பில் பதில் சொன்னவர்களில் பெண்கள் 3 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பெண்களுக்கு ஆர்வம் இல்லை என்று பிறகு சொல்லுங்கள்.

நம் ஊருக்கே வருவோம். விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கட்டணமின்றிக் கற்றுத்தருகிறது. பெரிய காரியம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன, அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. மயிலத்திலிருந்தும் மரக்காணத்திலிருந்தும் பஸ் ஏறிப் படிக்க வரும் பெண்ணுக்கு மூளையில் குறையில்லை. இருட்டுமுன் வீடு திரும்பும் கட்டாயம் இருக்கிறது. வீட்டில் ஒரே மடிக்கணினி என்றால் அது தம்பியிடம் இருக்கிறது. தன்னார்வலரின் உழைப்பு நாளான ஞாயிறு, இவளுக்கு வாரத்துத் துணியும் இட்லி மாவும் காத்திருக்கும் நாள்.

அதையும் மீறி உள்ளே வந்தவளுக்கு என்ன வேலை கிடைக்கிறது? ஆவணம் எழுது, தமிழாக்கம் செய், கூட்டம் ஏற்பாடு செய், புதியவர்களுக்குச் சொல்லிக்கொடு. இவை திட்டத்தின் வீட்டு வேலைகள். இவை முடியாமல் நல்ல வெளியீடு வராது. ஆனால் பெயர் நிரல் எழுதியவருக்கு.

“யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, பிடித்துத்தானே செய்கிறார்கள்?” என்பார்கள். அம்மாக்களைப் பற்றியும் இதைத்தான் சொன்னார்கள். அன்பு என்று நீங்கள் அழைப்பது கூலியில்லா உழைப்பு என்று சில்வியா ஃபெடரிசி 1975லேயே வாதிட்டார். 2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய், ஒரு நாள் சமையலுக்கும் ஈடாகாது. ஆனால் அதன் பெயரில் ‘உரிமை’ என்ற சொல் இருக்கிறது. அது சலுகை அல்ல.

பணம் வந்தால் சுதந்திரம் போய்விடும் என்று இன்னொரு வாதம். ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் இரண்டையும் குறிப்பதால் அங்கே குழப்பம். நமக்கு ஏன்? தமிழில் கட்டற்றது வேறு, இலவசம் வேறு. மென்பொருள் கட்டற்றதாக இருக்கட்டும். உழைப்பு ஏன் இலவசமாக இருக்க வேண்டும்? க்னோம் திட்டம் 2006இல் பெண்களுக்காகத் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்ததுதான் அவுட்ரீச்சி. மூன்று மாதப் பயிற்சிக்கு 7,000 டாலர் கொடுக்கிறார்கள். சுதந்திரம் எங்கும் ஓடிப்போகவில்லை.

ஆகவே சொல்கிறேன். இந்த மென்பொருள்களை வைத்துக் கோடிகள் பார்க்கும் நிறுவனங்கள் பராமரிப்பவர்களுக்குச் சம்பளம் கொடுக்கட்டும். ஆவணத்தையும் தமிழாக்கத்தையும் நிரலுக்குச் சமமாக எண்ணிப் பெயர் போடுங்கள். கூட்டம் நடத்தும் வேலையைச் சுழற்சியில் ஆண்களுக்கும் கொடுங்கள். பகல் நேரத்தில், கடைசி பஸ்ஸுக்கு வெகுமுன்பே கூட்டத்தை முடியுங்கள்.

இதனால் வெளியீடு தள்ளிப்போனால் போகட்டும். டெபியன் 2002 ஜூலைக்குப் பிறகு அடுத்த பதிப்பை 2005 ஜூனில்தான் வெளியிட்டது. வானம் இடிந்து விழவில்லை.

தோழி, நீ கற்றுக்கொள், எழுது, உன் பெயரை அதில் கேட்டு வாங்கு. “எப்போது முடியும்?” என்று யாராவது உன்னிடம் கேட்டால், “நீங்கள் எந்தப் பகுதியை எடுத்துக்கொள்கிறீர்கள்?” என்று திருப்பிக் கேள்.