உலக வலம்: களத்தில் நின்றவர், களத்தைச் சொன்னவர்

பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்த முதல் மாதத்திலேயே, திரும்பிப் போய்விடலாமா என்று எண்ணாதவர் நம்முள் எத்தனை பேர்? பெட்டியைக் கட்டி, இரயில் புறப்படும் நேரத்தையும் விசாரித்து வைத்தபின், யாரோ ஒருவர் சொன்ன சொல்லுக்காக நின்றுவிட்டவர்களும் நம்மிடையே உண்டு. அவ்வாறு நின்ற ஒருவரின் வரலாற்றை இத்திங்கள் காண்போம். அவர் அமெரிக்கர், பெயர் சாம் ஹஃப்.

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் 1934ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். தந்தை சுரங்கத் தொழிலாளி. அங்கே பிறந்த பிள்ளைக்கு முன்னிருந்த வழி பெரும்பாலும் ஒன்றே: பூமிக்குள் இறங்குவது. அது எத்தகைய வழி என்பதற்கு ஒரு சான்று போதும். ஹஃப் வளர்ந்த ஃபார்மிங்டன் பகுதியில் 1968ஆம் ஆண்டு நவம்பரில் சுரங்கம் வெடித்து 78 பேர் மாண்டனர். ஹஃபை அவ்வழியிலிருந்து விலக்கியது விளையாட்டு. மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக் கழகத்தில் ஆடிப் பெயர் பெற்ற அவரை, 1956இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் என்னும் தொழில்முறைக் குழு தேர்ந்தெடுத்தது.

ஆனால் வெர்மான்ட் மாநிலத்தில் நடந்த பயிற்சி முகாமில் அவருக்கு எந்த இடத்தைக் கொடுப்பது என்று பயிற்சியாளர்களுக்குப் புலப்படவில்லை. கடிந்துரைகளும் வீட்டு நினைவும் சேர்ந்து வாட்டவே, டான் சாண்ட்லர் என்னும் மற்றொரு புதிய ஆட்டக்காரருடன் முகாமை விட்டுக் கிளம்பி விமான நிலையத்துக்கே போய்விட்டார். துணைப் பயிற்சியாளர் வின்ஸ் லம்பார்டி அங்கே சென்று இருவரையும் கையோடு அழைத்து வந்தார். அந்த லம்பார்டியே பிற்காலத்தில் அவ்விளையாட்டின் தலைசிறந்த பயிற்சியாளர்களுள் ஒருவராகப் போற்றப்பட்டவர்.

இங்கே அவ்விளையாட்டைப் பற்றிச் சிறிது சொல்லுதல் வேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை குறைவு. பக்கத்துக்கு 11 பேர். பந்தைக் கையில் ஏந்தி ஓடியோ எறிந்தோ முன்னேறுதல் வேண்டும். நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேறாவிடில் பந்து எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடும். பந்தோடு வருபவனை மறித்து வீழ்த்துவது தடுப்பாளரின் கடமை.

முகாமில் தடுப்பணியின் நடு ஆட்டக்காரர் காயமுற்றார். தடுப்பணிக்குப் பொறுப்பாயிருந்த டாம் லாண்டிரி அவ்விடத்தில் ஹஃபை நிறுத்திப் பார்த்தார். முன் வரிசையில் நால்வர், அவர்களுக்குப் பின்னே மூவர். அம்மூவரில் நடுவிலிருப்பவரே இந்த ஆட்டக்காரர். முன் வரிசையில் குனிந்து நிற்பவனுக்கு எதிரே உள்ளவனைத் தவிர எதுவும் தெரியாது. நடுவில் நின்றபோதோ தலை நிமிர்ந்திருந்தது. ஆட்டம் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது என்று ஹஃப் பின்னாளில் கூறினார். சடுகுடுவில் பாடி வருபவன் எப்பக்கம் திரும்புவான் என்பதை அவன் காலைப் பார்த்தே கணிப்பது போல, பந்தைப் பாராமல் எதிரணியின் முதல் அசைவைப் பார்த்தே அதன் கருத்தை அறிய லாண்டிரி கற்பித்தார். முரட்டு வலிமை ஏற்கெனவே இருந்தது. பார்வை இப்போது வந்து சேர்ந்தது.

அவ்வாண்டே ஜயண்ட்ஸ் குழு இறுதிப் போட்டியில் சிகாகோ பேர்ஸ் குழுவை 47-7 என்ற கணக்கில் வென்றது. அதுகாறும் மக்கள் பாராட்டியது பந்தை எறிபவரையும் ஓடுபவரையுமே. இப்போது யாங்கி அரங்கில் ஒரு தடுப்பாளரின் பெயரைக் கூட்டம் கூவியழைத்தது. 1959இல் ‘டைம்’ வார இதழ் அவர் படத்தை அட்டையில் வெளியிட்டது. 1960இல் சி.பி.எஸ். தொலைக்காட்சி அவரது உடையில் ஓர் ஒலிவாங்கியைப் பொருத்தி, களத்தின் மோதல் ஓசையை வீடுகளுக்குள் கொண்டுவந்தது. ‘சாம் ஹஃபின் வன்முறை உலகம்’ என்பது அப்படத்தின் பெயர். விவரித்தவர் வால்ட்டர் க்ராங்கைட்.

புகழ் இருந்தும் 1964இல் ஜயண்ட்ஸ் அவரை வாஷிங்டன் குழுவுக்கு மாற்றிவிட்டது. அப்புண் அவருக்கு எளிதில் ஆறவில்லை. 1966இல் வாஷிங்டன் தன் பழைய குழுவை எதிர்த்து 69-41 என்று வென்றுகொண்டிருக்கையில், கடைசி நொடிகளில் ஆட்டத்தை நிறுத்தச் செய்து, மேலும் மூன்று புள்ளிகளுக்குப் பந்தை உதைக்கத் தூண்டியவர் தாமே என்று ஹஃப் பின்னர் சொல்லியிருக்கிறார். முடிவு 72-41. பெருந்தன்மை என்று இதைச் சொல்ல இயலாது. ஆனால் கைவிடப்பட்டவன் மனம் எப்படியிருக்கும் என்பதை அறிய இயலும்.

ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் வாழ்வின் நீண்ட பகுதி தொடங்கியது. முதலில் ஜயண்ட்ஸ் ஆட்டங்களுக்கும், 1975 முதல் வாஷிங்டன் ஆட்டங்களுக்கும் வானொலி வர்ணனையாளரானார். 2012 வரை அப்பணியில் நீடித்தார். அவர் ஆடிய ஆண்டுகள் 13. பேசிய ஆண்டுகள் ஏறத்தாழ 40. ஃப்ராங்க் ஹெர்சாக் நிகழ்வதைச் சொல்வார். ஹஃபும், ஒருகாலத்தில் பந்தெறி வீரராயிருந்த சன்னி ஜர்கன்சனும் அதன் காரணத்தைச் சொல்வார்கள். பந்தை எறியவேண்டும் என்பார் ஜர்கன்சன். ஓடவேண்டும், எதிரியைத் தடுத்து நிறுத்தவேண்டும் என்பார் ஹஃப். இவ்வழக்கைக் கேட்பதற்காகவே தொலைக்காட்சியின் ஒலியை அடக்கிவிட்டு வானொலியைத் திருப்பியவர் பலர். நடுநிலைமை அவரிடம் இல்லை. தம் குழு தோற்றால் குரலிலேயே தெரிந்துவிடும். எனினும் எதிரியின் எண்ணத்தை முன்னறியும் பழக்கம் அங்கேயும் அவருக்கு உதவியது. நடந்ததைச் சொல்லப் பலர் உளர். அது ஏன் நடந்தது என்று சொல்ல, அவ்விடத்தில் நின்றவனே வேண்டும்.

வரலாற்றின் இறுதியையும் மறைப்பதற்கில்லை. 2013இல் ஹஃபுக்கு மறதி நோய் இருப்பதாக மருத்துவர்கள் கண்டனர். 2021 நவம்பர் 13ஆம் நாள், 87ஆம் வயதில் காலமானார். தலையில் மீண்டும் மீண்டும் படும் அடி மூளையைப் பின்னாளில் நலிவிக்கும் என்பதை ஆராய்ச்சியாளர் இன்று விரிவாக எடுத்துரைக்கின்றனர். ஹஃபின் நோய்க்கு அதுவே காரணம் என்று நாம் துணிந்து கூறலாகாது. ஆயினும் 1960இல் வீடுதோறும் வியப்புடன் கேட்ட அந்த மோதல் ஓசையை, இன்று அதே வியப்புடன் கேட்க மனம் ஒப்பவில்லை.

பிள்ளைகள் விளையாட்டில் சிறக்க வேண்டுமென விரும்பும் பெற்றோர் இரண்டையும் நினைவில் வைத்தல் நன்று. உடல் தரும் தொழில் சில ஆண்டுகளுக்கே. அத்தொழிலில் கற்ற அறிவு நெடுநாள் உடன்வரும். அவ்வறிவு தங்கும் தலையைக் காப்பது அதனினும் முதன்மையானது. முதல் மாதத்தில் பெட்டியைக் கட்டும் இளைஞர் எவரேனும் உங்கள் இல்லத்துக்கு அருகில் இருப்பின், ஒரு வேளை உணவுக்கு அழைத்துப் பேசுங்கள். ஹஃபைத் தேடி விமான நிலையத்துக்கு ஒருவர் போனார் அன்றோ!