45க்குப் பிறகு எங்களை யார் கூப்பிடுவது?

35 வயதில் ஒரு தடவை, 45 வயதில் ஒரு தடவை, சுகவனிதையர் கிளினிக்குக்கு வரச்சொல்லிக் கூப்பிடுவார்கள். 1996இல் தொடங்கிய நல்ல திட்டம். அதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே எடுக்கும் பாப் பரிசோதனை கருப்பையின் கழுத்தைப் பார்க்கத்தான். கருப்பைக்குள்ளே, உட்சவ்வில் வரும் புற்றுநோயைத் தேடுவதற்கு அல்ல. "எல்லாம் செக் பண்ணியாச்சு" என்று கார்டைப் பத்திரமாக வைத்திருக்கும் அக்காமாருக்கு இதை யார் விளங்கப்படுத்தினார்கள்?

இந்த நோய் பெரும்பாலும் வருவது மாதவிடாய் நின்ற பிறகு, 50ஐத் தாண்டி. அதாவது கூப்பிடுவதும் நின்ற பிறகு. 2022இல் மட்டும் உலகில் சுமார் 4 இலட்சத்து 20 ஆயிரம் பெண்களுக்குப் புதிதாகக் கண்டார்கள். இத்தனைக்கும் இது ஒளிந்திருக்கும் நோயல்ல. மாதவிடாய் நின்றபின் இது வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இரத்தம் படுகிறது. சின்னக் கறை என்றாலும் காட்ட வேண்டும். அப்படி இரத்தம் கண்ட பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கே புற்றுநோய் இருக்கும். பயந்து மறைக்கத் தேவையில்லை. கருப்பையைத் தாண்டாமல் இருக்கும்போதே கண்டால், பெரும்பாலானோர் கருப்பையை எடுக்கும் ஆபரேஷனோடு சுகமாகிறார்கள்.

பிறகு ஏன் மாதக்கணக்கில் மறைக்கிறோம்? வெட்கம் என்கிறார்கள். வெட்கமும் உண்டுதான். ஆனால் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் மலையில் ஒரு பேர் போச்சு. 1977, 1983 கலவரங்களில் தோட்டத்தை விட்டு மன்னார்ப் பெருநிலத்துக்கு வந்தவர்களுக்கும், இங்கே பாப்பாமோட்டையில் வயல் கூலிக்குப் போகும் எங்களுக்கும் அன்றைய அடுப்புப் போச்சு.

உடம்பைக் குறை, சீனியைக் குறை என்று புத்தி சொல்ல ஆளுண்டு. உடல் பருமனும் நீரிழிவும் ஆபத்தைக் கூட்டுவது உண்மை; மாதவிடாய் நின்றபின்னும் உடம்புக் கொழுப்பில் ஊறும் ஈஸ்ட்ரஜன் உட்சவ்வை வளர்த்துவிடுகிறது. ஆனால் கோதுமை மா ரொட்டிக்கும் சீனித் தேத்தண்ணிக்கும் மட்டும் காணும் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு எங்கள் வாயைக் குற்றம் சொல்லாதீர்கள். பிள்ளை பெறாதவர்களுக்கும் ஆபத்துக் கூட. பிள்ளை இல்லாத வீட்டுக்கு மருத்துவமாது எத்தனை தடவை வருவார்?

நாங்கள் கேட்பது: கிளினிக் நாளுக்கு அரைப்பேர் அல்ல, முழுப்பேர். நாட்கூலிப் பெண்களுக்கு அரசாங்கத்தின் பயணப்படி. மாவட்டத்துக்குள்ளேயே தாமதமில்லாத ஸ்கேன், சதைத்துண்டுப் பரிசோதனை. தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோ போக வேண்டியவருக்கு வாகனம்.

அடுத்த பேச்சுவார்த்தையில் இவை சம்பளத்தோடு சேர்த்து மேசைக்கு வரவேண்டும். இதைப் பேச ஆண் தலைவர்களுக்கு வாய் கூசினால் மைக்கை மாதர் அணியிடம் கொடுக்கட்டும்.