செப்புத் தகட்டில் ஒரு வேட்டை

சென்ற கிழமை என் மாணவனொருவன் ஒரு படத்தைக் கொணர்ந்து மேசைமீது விரித்தான். ஒல்லாந்த ஓவியர் றெம்பிராண்ட் 1641 ஆம் ஆண்டிற் செய்த சிங்கவேட்டைப் படம் அது. தலைப்பாகை அணிந்த வீரர் குதிரைமீதிருந்து சிங்கங்களோடு பொருகின்றனர்.

“இவ்வேட்டையை அவர் நேரிற் கண்டாரா, சேர்?” என வினவினான்.

“இல்லைத் தம்பி. அவர் தம் நாட்டைவிட்டு அகன்றதாகச் சான்றில்லை. பிறர் படங்களும் கற்பனையுமே துணையாயின” என்றேன்.

அக்கால ஐரோப்பாவில் வேட்டைப் படங்களுக்குப் பெருமதிப்பு இருந்தது. இத்தாலியரான அந்தோனியோ தெம்பெஸ்தா அவற்றைத் தொடர்தொடராக வெளியிட்டார். மெருகிட்ட செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சிட்டு, ஊசியாற் கீறி, அமிலத்தில் இடுவர். கீறிய இடத்தை மாத்திரம் அமிலம் அரிக்கும். பின்னர்ப் பூச்சை நீக்கி, மை தடவி, மேற்பரப்பைத் துடைத்தால் பள்ளங்களில் மை எஞ்சும். ஈரத்தாளை அதன்மேல் வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தப் படம் பதியும். ஒன்றை மறத்தலாகாது: தகட்டில் வலமாயிருப்பது தாளில் இடமாகிவிடும்.

நம் நாடும் செப்புத் தகடு ஏறியதுண்டு. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய 1658 இல் அவர்களோடு வந்த பாதிரியார் பால்தேயுவின் நூல், 1672 இல் அம்ஸ்ரடாமிலே செப்புத்தகட்டுப் படங்களோடு வெளியாயிற்று. கண்டி நாட்டிற் சிறையிருந்து, 1679 இல் காட்டுவழியே அரிப்புக் கோட்டைக்குத் தப்பிய றொபேட் நொக்ஸின் நூல் 1681 இல் இலண்டனில் வெளிவந்தது. அதிலே அரசன் இராசசிங்கன் நிற்கின்றான். குற்றவாளியைக் கொல்லும் யானையும் நிற்கின்றது.

ஆயின் அவ்யானைகளைப் பிடித்தவர் யாவர்? வன்னியர் ஒல்லாந்தருக்குத் திறையாக அளித்தவை யானைகளே. மான்தோற் கயிற்றைச் சுருக்கிட்டு யானையின் காலிற் பூட்டும் பணிக்கர்தம் துணிவு பெரிது. ஆனையிறவைக் கடந்து, ஊர்காவற்றுறையிற் கப்பலேறி, அவ்யானைகள் இந்தியாவுக்குச் சென்றன. அரசனின் முகத்தை நொக்ஸின் நூலிற் கண்டேன்; சுருக்கிட்ட வன்னி மகனின் முகம் இன்றுவரை என் கண்ணிற் பட்டதில்லை. ஊசி எவர் கையிலோ, கதையும் அவர் பக்கமே.

“என் அப்புவும் யானைக்காவலுக்குப் பரண் ஏறுகிறவர் தான், சேர்” என்றான் மாணவன். வேட்டை ஒழிந்தும் பகை ஒழியவில்லை. விளைந்த வயலை யானை அழிக்கின்றது. யானையும் மாள்கின்றது, மனிதனும் மாள்கின்றான்.

“அப்பு சொல்வதை நீ எழுதிவைத்தாயா?” என்றேன். அவன் தலைகுனிந்தான்.

2009 இல் முடிவுற்ற போரிலே நம் வீடுகளிலிருந்த ஏடுகளும் படங்களும் எத்தனையோ அழிந்தன. எஞ்சிய தகடு முதியோர் நினைவு ஒன்றே. அதுவும் நாள்தோறும் தேய்கின்றது. செம்பும் அமிலமும் நமக்கு வேண்டா. ஒரு கொப்பியும் பேனையும் போதும். இன்று ஞாயிறு, பிள்ளைகளே, அப்புவின் அருகே சென்று அமருங்கள்.