இருபதுக்கு ஒன்று

‘இனாசுமா இலெவன்’ என்னும் ஜப்பானியக் கால்பந்து அனிமேத் தொடரைக் கொண்டாடும் பார்வையாளர் பலரும் ஒரே முடிவில் வந்து நிற்கின்றனர்: எளியவனும் விடாது முயன்றால் வெல்வான். கேட்க இனிமையான வாசிப்பு இது. ஆனால் தொடரே இதற்கு இடந்தரவில்லை.

2008 அக்டோபரில் ஒளிபரப்பாகத் தொடங்கிய இத்தொடர் லெவல்-5 நிறுவனத்தின் நின்டெண்டோ விளையாட்டிலிருந்து பிறந்தது. ரைமோன் என்னும் நடுநிலைப் பள்ளியின் கால்பந்துக் கழகம் ஆள் போதாமல் கலைக்கப்படும் நிலையில் இருக்கிறது. எதிரே நிற்பது டெய்கோகு. அச்சொல்லுக்கே ‘பேரரசு’ என்றுதான் பொருள். முதல் ஆட்டத்தில் இருபது கோல் வாங்கிய பின் ரைமோன் ஒரே ஒரு கோல் போடுகிறது. உடனே டெய்கோகு ஆட்டத்தைக் கைவிட்டுச் செல்கிறது. அது வந்தது கோயென்ஜி என்னும் ஆட்டக்காரனின் திறனை அளந்தறிய, அளந்தாயிற்று, கிளம்பிவிட்டது. ஆக, எளியோரின் முதல் ‘வெற்றி’ பேரரசு தன் அலுவல் முடிந்ததும் விட்டுச்சென்ற மிச்சமே. இருபதை மறந்து ஒன்றை மட்டும் நினைவில் வைப்பது பார்வையாளரின் தேர்வு.

இந்தத் தேர்வின் விலையைக் கோலார் தங்கவயலில் நின்று கணக்கிட வேண்டும். அங்கே ஸ்கெலட்டனில் ஒரு சிறுவன் இத்தொடரைப் பார்ப்பதாகக் கொள்வோம். முயன்றால் வெல்லலாம் என்று அவனிடம் யார் சொல்வது? 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் நடத்திய சுரங்கங்களுக்கு வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த தமிழர், பெரும்பான்மையும் தலித் மக்கள், பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் அப்பால் இறங்கினர். மேலே வந்த தங்கம் ஏறத்தாழ 800 டன். துரைமாருக்குக் கிளப்பும் கோல்ஃப் திடலும் வாய்த்தன. தொழிலாளிக்கு வாய்த்தது தட்டி வீடு. தன்னைக் குற்றவாளியைப் போலக் கைரேகையால் பதிந்துவைப்பதை எதிர்த்து 1930இல் அவன் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. இன்று அவன் பேரப்பிள்ளைகள் இருள் பிரியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிக்குப் போகின்றனர். இவர்களிடம் எந்த முயற்சி குறைந்தது? முயற்சியே வெற்றியைத் தீர்மானிக்கும் என்றால், தோல்வி தோற்றவனின் குற்றமாகிவிடுகிறது. அந்த வாசிப்பு ஊக்கமூட்டுவதாகத் தோன்றினாலும், செய்வது பழிசுமத்தல்.

தொடரின் இரண்டாம் பகுதி இதைவிடக் கூர்மையானது. வேற்றுக்கிரகத்தார் எனத் தம்மை அறிவித்துக்கொண்ட அணிகள் பள்ளிகளைத் தகர்க்கின்றன. இறுதியில் அவர்கள் ஓர் அநாதை இல்லத்துக் குழந்தைகள் என்று தெரியவருகிறது. செல்வர் ஒருவர் விண்கல்லின் ஆற்றலை அவர்களுக்கு ஏற்றி, ஆயுதமாக விலைபேசத் துணிந்தார். அவர்களுக்குள்ளும் தரவரிசை உண்டு. தோற்ற அணி துரத்தப்படும். இந்தத் திருப்பத்தை ‘ஏமாற்று’ என்று சலித்துக்கொள்ளும் பார்வையாளர் உண்டு. அறிவியல் புனைவு அவ்விடத்தில்தான் தன் கடமையைச் செய்கிறது என்பதை அவர்கள் காண்பதில்லை. அந்நியர் எனப்பட்டவர் அந்நியரல்லர். பிறர் ஆதாயத்துக்காக அந்நியராக்கப்பட்டவர். தலைமுறைகள் கடந்தும் ‘வெளியூர்க்காரர்’ என்ற சொல்லைக் கேட்க நேரும் தங்கவயல் தமிழருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

குழந்தைகளுக்கான தொடரில் இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா என்று கல்விப்புலத்தார் கேட்கக்கூடும். குழந்தைகளுக்கானது என்பதாலேயே ஏற்ற வேண்டும். தோற்றால் யாரை நோக வேண்டும் என்பதை மனிதர் பத்து வயதிலேயே கற்றுக்கொள்கின்றனர். ஆய்வேடுகள் வந்து சேர்வது வெகு காலத்துக்குப் பின். தீப்பற்றி எரியும் பந்தையும் வானளாவ எழும் கையையும் கண்டு இயற்பியலுக்கு ஒவ்வாது என்று நகைக்கும் அறிவாளிகள், மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் உழைத்தவன் ஏழையாகவே மேலேறி வந்த அதிசயத்தைக் கண்டு வியப்பதில்லை. எளியோரின் கதையை நேசிப்பதாகச் சொல்பவர் முதலில் கேட்க வேண்டியது, அந்த ஒரு கோல் எப்படி விழுந்தது என்பதன்று. இருபது கோல் விழும்படி ஆட்டத்தை அமைத்தவர் யார் என்பதே.